மெதுவாக வரும் படம்

எல்லோர் முன்னாலும் ஆமை என்று பேர் வாங்கிய பாஞ்சாலிக்கு நடந்தது அநியாயம். அவள் கை மந்தமில்லை. எதிரில் இருந்த கம்ப்யூட்டர்தான் மந்தம்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. ஒவ்வொரு கட்டுக்கும் திரையில் படம் வரும். பார்த்து ஒயர்களைப் பொருத்த வேண்டும். பாஞ்சாலியின் திரையில் மட்டும் அந்தப் படம் கோடு கோடாக, ஆடி அசைந்து வந்தது.

கம்ப்யூட்டர் பழசு என்று சிஸ்டம் பார்க்கும் வனமாமலை சொன்னதை சூப்பர்வைசர் சிவசங்கர் நம்பவில்லை. குறை அவளிடம்தான் என்றால் அவளுடைய கான்ட்ராக்ட் வேலை அவ்வளவுதான் என்றுவிட்டார். குறை எதில் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, தண்டலம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த கவியாவுக்கு.

சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். படத்தைத் திரைக்கு வேகமாகக் கொண்டுவரும் கிராபிக்ஸ் கார்டு நன்றாகவே இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று செட்டிங்கில் யாரோ டிக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். அதை மாற்றும் பாஸ்வேர்டு வனமாமலையிடம் மட்டுமே உண்டு.

நேரே அவரிடம் போய்ச் சண்டை பிடித்தாள். ஒரு டிக் போட உங்களுக்கு உடம்பு வணங்கவில்லை, அதற்கு ஒரு பெண் வேலையை இழக்க வேண்டுமா என்று கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை.

"எடுத்தது நாந்தான்மா. பாஸ்வேர்டு தாரேன், நீயே போட்டுக்கோ. அதுக்கு முன்னால லைன்ல போயி கொஞ்ச நேரம் நின்னு பாரு."

போய் நின்றாள்.

பாஞ்சாலி ஒரு கட்டை முடித்து, அடுத்த படத்துக்குப் பட்டனைத் தட்டினாள். நின்றேதான் வேலை செய்ய வேண்டிய லைன் அது. படம் வருகிற நேரத்துக்குக் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்து, தொளதொள கோட்டுக்குள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு மாசம்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "தெரிஞ்சா நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவானுங்க. இந்தப் படம் வர்ற வரைக்கும்தான் குந்திகினு கீறேன். அந்த அண்ணன் பண்ண வேலை. ஆமைன்னா சொல்லிட்டுப் போவட்டும் கண்ணு, காதோட பூடும்."

மதியம் கேண்டீனில் சிவசங்கர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இஞ்சினியரு, சிஸ்டமா, அவளா?"

கவியா தட்டைக் கீழே வைத்தாள்.

"சிஸ்டம்தான் சார். கிராபிக்ஸ் கார்டு மாத்தணும். ஆர்டர் போட்டு வர்றதுக்கு நாலு மாசம் ஆகும்."