கண்ணகைக்கு வராத அம்மாள்

உடுக்குச் சத்தம் ஏறியதும் சீதேவிக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

பிடரி வியர்த்தது. உதடு வெளுத்தது. மூச்சு சீறிச் சீறி வந்தது. பகற்சடங்குக்குக் கூடியிருந்த சனம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது.

பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்ற அவளுடைய அக்கா கண்ணகைக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? கோயிலில் இருக்கிற கண்ணகை அம்மாளின் பெயரை வைத்தது இவளுக்கு. வைகாசி தவறாமல் விரதம் பிடித்ததும், ஈரத் தலையோடு உடுக்குக்கு முன்னால் நின்று வா தாயே என்று கெஞ்சியதும் இவள். போன வருசம் கொஞ்சம் ஆடிக்கூடப் பார்த்தாள். பெரியம்மா ஒருத்தி, வெயிலுக்குத் தலை சுற்றுகிறதாக்கும் என்று நிழலில் கொண்டுபோய் இருத்தி, தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு நேர விரதத்தையும் ஒழுங்காகப் பிடிக்காத பதினைந்து வயதுத் தங்கச்சிக்கு அம்மாள் வருகிறா.

வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிற பிள்ளை சீதேவி. பள்ளிக்கூடத்தில் எழும்பிப் பாடம் வாசிக்கச் சொன்ன அன்று இதே மாதிரி நடுங்கி, வகுப்பிலேயே விழுந்தாள். படிப்பு அதோடு நின்றது. வைத்தியம் பார்க்கிற பரியாரி எண்ணெய் கொடுத்தார். ஊர் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தது.

அந்த நாட்களில் கண்ணகைக்கு அவள்மேல் கொள்ளைப் பாசம். தங்கச்சி எங்கே போனாலும் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள்.

பிறகு ஒரு சடங்குக் கூட்டத்துக்குள் அகப்பட்டு அவள் நடுங்கினாள். எல்லாம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வந்ததும் அம்மாள்தானாம். கதவுக்குப் பின்னால் ஒளித்ததும் அம்மாள்தானாம்.

அம்மா இப்போது பெற்ற மகளையே ‘நீங்க’ என்று கூப்பிடுகிறாள். முதல் சோறு அவளுக்கு. அப்பாவுக்கு வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை. கண்ணகை பெரியபிள்ளையானபோது வராத மனிதர், இந்தச் சடங்குக்குச் சிவப்புப் பட்டு வாங்கிக்கொண்டு முதல் நாளே வந்து நிற்கிறார்.

காலையில் அந்தப் பட்டை உடுத்திவிட்டதும் கண்ணகைதான். தலை வாரும்போது வேண்டுமென்றே சிக்கைப் பிடித்து இழுத்தாள். சீதேவி, கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாதா என்று மட்டும் கேட்டாள். பார், எவ்வளவு எடுப்பு என்று கண்ணகைக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் யாரும் கண்ணகையின் முகத்தை நேராகப் பார்த்தே கன நாளாயிற்று.

இன்றோடு அது நிரந்தரமாகிவிடும். சீதேவி இதுவரை நடுங்கியிருக்கிறாளே தவிர வாய் திறந்ததில்லை. இன்று வாக்குச் சொல்லிவிட்டால் அவள் இந்தக் கோயிலின் தெய்வக்காரி. வருசா வருசம் கோயில் கதவு திறக்கிற நாளெல்லாம், சாகும் வரைக்கும், இந்தச் சனத்துக்கு நடுவில் நிற்பாள். சொல்லாவிட்டால் பூசை செய்யும் கட்டாடியார் வேறு ஆளைப் பார்ப்பார்.

இவள் வாயைத் திறக்கக்கூடாது தாயே என்று கண்ணகை வேண்டிக்கொண்டாள். அதே அம்மாளிடம்தான்.

கட்டாடியார் அம்மாளின் சிலம்பைச் சீதேவியின் கையில் வைத்தார். நடுங்கும் கையில் அது கலகலத்தது. சனம் நெருங்கி வந்தது. மழை எப்போது தாயே என்று ஒருவர் கேட்டார். தோணியோடு போன மகன் திரும்புவானா என்று ஒரு தாய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

சீதேவியின் கண் அங்குமிங்கும் ஓடி, அக்காவிடம் வந்து நின்றது. சட்டென்று கண்ணகையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, காதோடு வாயை வைத்தாள்.

உடுக்கு நின்றது.

“அக்கா, எனக்குப் பயமா இருக்கு. என்ன வீட்ட கூட்டித்துப் போ.”

வேறு யாருக்கும் கேட்கவில்லை. அது அம்மாளின் வாக்கு இல்லை. ஒரு நாளும் அம்மாள் இவளிடம் வந்ததே இல்லை என்று கண்ணகைக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் அப்படி ஒரு சந்தோசம் வந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போதும். எல்லாம் முடிந்துவிடும்.

“அம்மாள் என்னவாம் புள்ள?” என்று கட்டாடியார் கேட்டார்.

கண்ணகை நிமிர்ந்தாள். சனம் முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிய கையோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை இறங்கிவிடக் கூடாது என்று கண்ணகைக்கு இருந்தது.

“தங்கச்சி வருசா வருசம் வந்து ஆடணுமாம். வாக்கு மட்டும் என்ட காதிலதான் சொல்லுவாவாம்.”

கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இன்னும் கூடுதலாக நடுங்கின.

அந்த நடுக்கத்தைப் பார்த்து, அம்மாள் ஓம் என்று சம்மதம் சொல்லிவிட்டா என்று கட்டாடியார் சனத்துக்கு அறிவித்தார்.