நெஞ்சைப் பிளக்காத ஆபரேஷன்

"மாப்பிள்ளைக்கு நெஞ்சைப் பிளப்பீங்களா டாக்டர்?" என்று கேட்டான் சின்னராஜ்.

"தேவையில்லைங்க. வண்டி இடிச்ச வேகத்துல உள்ளே பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. தொடை வழியா கம்பியை விட்டு, உறை போட்ட ஸ்டென்ட் குழாயை வெச்சு அந்தக் கிழிசலை அடைச்சிடுவோம்."

"பேச்சு வர எத்தனை நாளாகும்?"

"நல்லபடியா முடிஞ்சா சாயங்காலமே பேசுவாரு."

சின்னராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தங்கை வெண்மதி அவன் தோளைத் தொட்டாள்.

"அழுவாதண்ணா. மொரப்பூர் ரோட்டுல எம்புருசனை இடிச்சுட்டு நிக்காமப் போனவன் நல்லாவே இருக்க மாட்டான்."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட சின்னராஜின் பல்லில் படவில்லை. தங்கச்சி புருஷன் பச்சியப்பன் மேல் என்ன பாசம் என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வெண்மதி கண்ணீரும் சிரிப்புமாக உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணா, கண்ணைத் தொறந்துட்டாரு! என்னைத் தேடவே இல்ல. மச்சான், மச்சான்னு உன்னையேதான் சொல்றாரு!"

"வேற ஏதாச்சும் சொன்னாரா?"

"எங்க! இடிச்சவனைப் பாத்தீங்களான்னு போலீஸ்காரர் கேட்டாரு. அதுக்கும் மச்சான்னுதான் சொல்றாரு. இன்னும் மயக்கம் தெளியல போல."

அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. போலீஸ்காரர் வெளியே வந்து கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"இதுல மச்சான் யாருங்க?"

வெண்மதி பெருமையோடு அண்ணனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.