தலைகீழ் அக்கா

விலகல் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போய்விடுவேன் என்றாள் ஆராய்ச்சி மாணவி.

அலுவலகப் பொறுப்பாளர் அதைப் படிக்கவில்லை. தேநீர்க் குவளையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். மேசையில் கறை படியக் கூடாதாம்.

முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்து பாதியில் திண்டாடுகிறவர்களுக்குக் கைகொடுப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அந்த அலுவலகத்தின் வேலை. உட்கார்ந்து எழுத அறை கொடுப்பார்கள். நெறியாளரோடு முட்டிக்கொண்டால் நடுவில் நின்று பேசுவார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பொறுப்பாளருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் தலைகீழ் அக்கா.

யாருடைய ஆராய்ச்சியையும் அவர் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. வருடாவருடம் அலுவலகத்தில் கொடுத்துவைக்கும் அத்தியாயங்களை அவர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

அதனால்தான் இவள் தைரியமாக வந்திருந்தாள். அத்தியாயங்களைப் படித்தவரென்றால் ஏன், எதற்கு என்று குடைவார். இவர் குடையமாட்டார்.

முடிவுரை வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். மாதக்கணக்கில் வெற்றுத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தன் எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிழை திருத்திக் கொடுத்தவள் இவள். எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்த கணவன்கூட இப்போது கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்டதைவிட அது அதிகமாக வலித்தது.

"வரிசையில எப்படி ஒழுங்கா நிக்கணும்னு ஜனங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறதுதானே உன் ஆராய்ச்சி? நல்லதும்மா. போலீஸ்காரங்களுக்கு உபயோகப்படும்" என்றார் அக்கா.

அவளுக்குச் சுருக்கென்றது. போகிற நேரத்தில் இது வேறா?

பொறுமையாகத் திருத்தினாள். ஒழுங்கைப் பற்றியது அல்ல. வரிசையில் காத்திருக்கிற ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவருக்கு ஏன் வழிவிடுகிறார் என்பதைப் பற்றியது.

அக்கா பெரிதாகத் தலையாட்டினார். இப்போது புரிந்துவிட்டதாம். அதாவது, குறுக்கே புகுந்து முந்துகிறவர்களைப் பற்றி.

இல்லவே இல்லை என்றாள். எழுந்து போகத் தயாராக இருந்தவள் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். முந்துகிறவர்களைப் பற்றி ஊர் உலகமே பேசிக்கொண்டிருக்கிறது, வழிவிடுகிறவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை என்று விளக்கினாள்.

அப்படியானால் ஏமாளிகளைப் பற்றி என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாமே என்றார் அக்கா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. எல்லோருக்கும் வழியை விட்டுவிட்டுக் கடைசியில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள்.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மருத்துவமனையின் மருந்துக் கவுன்டர் பக்கம் நாள் தவறாமல் நின்று பார்த்தவள் அவள். வந்தவருக்கெல்லாம் ஒதுங்கி இடம் கொடுத்த ஓர் அம்மாள், கையில் பச்சைப் பையோடு, இப்போதும் கண்முன் நின்றார். நான்காம் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பில் அவரை எழுதியிருந்தாள். நெறியாளரே அதைத் தாண்டிப் போய்விட்டார். இந்த அக்காவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? பச்சைப் பை அம்மாவைப் பற்றி வாய் திறக்காமல், விஷயத்தை மட்டும் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"யாரும் ஏமாளி இல்லக்கா. வழிவிட்டவங்க ஒருத்தர்கூட வரிசைய விட்டுப் போகல. பின்னாடி நின்னவங்க அவங்க இடத்தைப் பார்த்துக்கிட்டாங்க. முதல்ல இவங்களுக்குக் குடுங்கன்னு பின்னாடி நின்னவங்களே கேட்டு வாங்கிக் குடுத்தாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

இதை அவள் எங்கும் எழுதவில்லை. வழிவிட்டார்கள் என்பதோடு ஒவ்வொரு வரைவும் நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்திருந்தும், அதுதான் முடிவுரை என்று தோன்றவே இல்லை.

அக்கா முகத்தைச் சுளித்தார். தனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, எழுதிக் காட்டினால் தேவலை என்றார். பக்கத்து அறை காலியாகத்தான் கிடக்கிறதாம்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். விண்ணப்பத்தின் ஞாபகம் வந்தது. குவளையை நகர்த்தி அதை எடுக்கப் பொறுமையில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதியாக வேண்டும்.

வாசலில் பொறியியல் துறைக்காரன் ஒருவன் காத்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து, கையில் அதே மாதிரி ஒரு விலகல் விண்ணப்பம். அவள் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டாள்.

எழுத்தறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் உட்கார்ந்து முதல் வரியைத் தொடங்கும்போது அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வாப்பா. மருந்துக் கவுன்டர்ல வழிவிடறவங்களைப் பத்தி எழுதறவன் நீதானே? நாலாவது அத்தியாயத்துல, அடிக்குறிப்புல, பச்சைப் பை வச்சுக்கிட்டு ஒரு அம்மா வருவாங்களே. படிச்சிட்டு அழுதுட்டேன்ப்பா."

"ஐயோ, அது நான் இல்லக்கா. என்னோடது பாலம்."

பாலத்துக்குப் பெயிண்ட் அடிப்பதா என்று அக்கா கேட்டார்.

இந்தப் பக்கம் அவளுக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கம், நாற்காலியை மேசைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.