அடுத்த கை

ரிஃபானாவின் ரத்தம் மாதிரி என் ரத்தமும் ஆகிவிட்டால் போதும்.

ஜெரினா இதை யாரிடமும் சொன்னதில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தும்போதுகூட இதைக் கேட்டதில்லை. கேட்டால் பொறாமையாகப் போய்விடுமோ என்று பயம்.

அம்புரோஸ் அவளுடைய இடது கையில் கட்டியிருந்த ரப்பர் பட்டையை அவிழ்த்தான். நிரம்பிய குழாய்களை ஐஸ் பெட்டிக்குள் செருகினான்.

"பஞ்ச நல்லா அமுக்கிப் புடிக்கா. போன தடவ மாதிரி உடனே மாவு பிசையப் போயிடாத."

நுரையீரலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து மாதங்கள் ஆகிவிட்டன. புற்றுநோய்தான், ஆனால் முளையிலேயே பார்த்துவிட்டோம், இனி பயமில்லை என்றார்கள். அதற்குப் பிறகும் ஓர் ஆராய்ச்சிக்காக வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வருகிறவன்தான் அம்புரோஸ்.

எதற்கு என்று முதல் நாளே அவன் விளக்கியிருந்தான். "ஒடம்புக்குள்ள காவக்காரங்க கீறாங்கக்கா. கட்டியப் பாத்து உஷாரா நின்னாங்க. இப்ப கட்டி பூட்ச்சு. அவங்க வூட்டுக்குப் பூட்டாங்களா, இன்னும் தடியத் தூக்கிக்கினு நிக்கிறாங்களா, அதப் பாக்குறாங்க."

அதைத் தெரிந்துகொள்ள, நோயில்லாத ஒருத்தியின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதே வயது, அதே வீடு, அதே காற்று.

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த நாளிலிருந்து, எண்ணூர்ப் பக்கத்துப் புகையையும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியையும் ஜெரினாவோடு சேர்ந்து சுவாசிக்கிறவள் ரிஃபானா. கொழுந்தனின் மனைவி.

"டாக்டரு சொன்னாருக்கா. உன்னுதும் அவங்களுதும் கிட்ட கிட்ட வந்துகினு கீதாம்" என்று போன முறையின் முடிவை அம்புரோஸ் வந்து சொன்ன அன்று, ஜெரினா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போதுகூட அப்படி அழவில்லை.

"அடுத்த கை வரட்டும்" என்றான் அம்புரோஸ்.

அடுத்த கை திரைக்குப் பின்னால் இருந்தது. கொழுந்தன் நசீர் மாரடைப்பில் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா காலம் முடியும்வரை ரிஃபானா வெளி ஆண்கள் முன் வரமாட்டாள். உள்ளே உட்கார்ந்தபடி திரையின் ஓரமாகக் கையை மட்டும் நீட்டுவதாக ஏற்பாடு.

ஜெரினா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரிஃபானா அவளைத் தரையில் இழுத்து உட்காரவைத்தாள்.

"உன் வலது கைய நீட்டிடு. அவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

"பைத்தியமாடி உனக்கு?"

"ஊசின்னா பயமா கீது."

"ரெண்டு சிசேரியன் பண்ணிக்கினவ. போன ரெண்டு தடவையும் அவனக் கலாய்ச்சிக்கினே குடுத்தவ. இப்ப இன்னா புதுசா?"

"பயம் சொல்லிக்கினா வரும்? மெதுவாப் பேசு."



இரண்டு பேர் குழாய்களிலும் அவளுடைய ரத்தமே இருந்தால் வித்தியாசம் எதுவும் தெரியாது. நீங்களும் அவங்களும் ஒண்ணுதாம்மா, இனிமே கவலை இல்ல என்று டாக்டரே சொல்லிவிடுவார். பொய் என்று தெரிந்தும் அந்த வார்த்தைகளைக் கேட்க ஆசையாக இருந்தது. அவள் விரல்கள் தாமாகவே வலது கைத் துணியைச் சுருட்டத் தொடங்கின.

பாதியில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"வாடி, நான் புடிச்சிக்கிறேன்" என்று சிரித்து, ரிஃபானாவின் சட்டைக் கையை மேலே தள்ளினாள்.

முழங்கை மடிப்பில் நீலம் பாய்ந்திருந்தது. நடுவில் ஊசி ஏறிய புள்ளி. எத்தனையோ தடவை தன் கையில் பார்த்த நிறம். இரண்டு மூன்று நாளுக்குள் குத்தியது.

"எங்கடி போய்க் குடுத்தே?"

 ரிஃபானா அவள் கையை எடுத்துத் தன் அக்குளுக்குக் கீழே, விலா எலும்பின் மேல் வைத்தாள். ஜெரினாவுக்குத் தையல் போட்ட அதே இடம்.

"நீ செக்கப்புக்குப் போன அன்னிக்குப் போனேன். ஸ்கேனும் எடுத்துட்டாங்க" என்றாள் பிறகு.  "ஒரு வூட்டுக்கு ஒருத்தி போதும் ஜெரினா. இப்பதான் புள்ளைங்க அவங்க அத்தாவ அடக்கம் பண்ணிட்டு வந்துதுங்க. நான் இனிமே ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவப் போறதில்ல. இந்த ரத்தத்துல ஏதாச்சும் தெரிஞ்சா டாக்டரு வூட்டுக்கே போன் பண்ணிடுவாரு."

கிட்ட கிட்ட வந்துகினு கீது.

எது எதன் பக்கம் வந்தது என்று அன்றைக்கு ஜெரினா கேட்கவில்லை.

"இன்னாக்கா, கை வருதா? இல்ல நான் போய் ஒரு டீ அடிச்சிட்டு வரட்டா?" திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்புரோஸ்.

ரிஃபானா ஜெரினாவின் வலது கையைப் பிடித்துத் திரையை நோக்கித் தள்ளினாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் கெஞ்சின.

ஜெரினா அந்தப் பிடியை விடுவித்துக்கொள்ளவில்லை. ரிஃபானாவின் விரல்களோடு சேர்த்தே தன் வலது கையைத் திரையிலிருந்து மடிக்கு இழுத்து, இன்னொரு கையால் மேலே மூடி, அங்கேயே வைத்துக்கொண்டாள்.