அல்புஸ் வீட்டுப் பிள்ளைகள்

குழந்தைகளுக்கான படச் சொல்லகராதியின் ஆசிரியர், சொல் விளக்கம் எழுதித் தருபவரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அல்புஸ்னா லத்தீன்ல வெள்ளை. சரி. அந்தக் காலத்து வெள்ளையடிச்ச அறிவிப்புப் பலகைலருந்து ஆல்பம் வந்தது. முட்டை வெள்ளைக்கு ஆல்புமின் வந்தது. அதோட நிறுத்திக்கலாமேம்மா. அல்பினோ எதுக்கு?"

"அதுவும் அதே வயித்துல பிறந்ததுதானே சார்? ஒரு பிள்ளையை மட்டும் ஒளிச்சு வைக்கிறதா?"

"தோல்லயும் முடியிலயும் நிறமில்லாம பிறந்த குழந்தைங்க படிச்சா மனசு நோகும். அவங்க படற பாடு உங்களுக்கு என்னம்மா தெரியும்?"



"நாளைக்கு நேர்லயே வரேன் சார்."

இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே எழுதித் தருபவர். ஆசிரியர் அவரைப் பார்த்ததே இல்லை. திருத்த அனுப்பும் பக்கங்களை எப்போதும் கொட்டை எழுத்தில்தான் கேட்பார். வயதானவர், மாடி ஏற முடியாது என்று நினைத்து மறுநாள் கீழ் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காத்திருந்தார் ஆசிரியர்.

வந்தவளுக்குத் தலை முழுக்க வெள்ளைதான். புருவமும் இமையும்கூட. வயது மட்டும் இருபத்தைந்தைத் தாண்டாது.

ஆசிரியர் கைகூப்பினார். "மன்னிச்சிடும்மா... நேத்து நான்..."

"நாற்காலி எனக்கா? நீங்க உக்காருங்க சார்" என்று சிரித்தவள், பையிலிருந்து தன் படம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அந்தச் சொல்லுக்குப் பக்கத்துல போடுங்க. வீட்டு ஆல்பத்துலருந்து உருவிட்டு வந்தேன். சின்னதாக்கிடாதீங்க, பக்கம் முழுக்க வரட்டும்!"