இங்க இல்லைங்க

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் ஞானசுந்தரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கூடலூரில் வக்கீல் நூர் அகமதுவின் அறை. அவளை இழுத்து வந்தவள் பக்கத்து வீட்டு சுமலதா.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை நின்றுபோன சமயம். சுமலதாவின் புருஷன் சுரேஷ் யாருக்காகவோ தங்கம் கொண்டுவந்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டான். ஜாமீனில் வந்து சேரம்பாடி எஸ்டேட் குடியிருப்பில், தன் லயத்து வீட்டிலேயே கிடந்தான். மாதங்கள் கழித்து, 'மறுபடி கடத்துவான்' என்று கடத்தல் தடுப்புச் சட்டமான காபிபோசாவில் தடுப்புக் காவலுக்குத் தூக்கிப் போனார்கள். விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் உள்ளே.

"உத்தரவு போட்டும் பிடிக்க ஏன் இவ்வளவு தாமதம்னு ஐகோர்ட்ல கேட்டோம்," என்றார் வக்கீல். "'தலைமறைவு, தேடியும் கிடைக்கல'ங்குது போலீஸ். அவர் லயத்துலதான் இருந்தார்னு யாராவது சொன்னா அந்த உத்தரவே நிக்காது. பொண்டாட்டி சொன்னா எடுபடாது."

"இந்தக்கா தினமும் பார்த்தாங்க சார்," என்றாள் சுமலதா.

ஞானசுந்தரி முந்தானையைத் திருகினாள். "எனக்கு... ஞாபகம் இல்லைங்க."

"ஞாபகம் இல்லையா? காய்ச்சல்ல கிடந்த உங்களை முதுகுல சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாருக்கா? நன்றிகெட்ட ஜென்மம்!"

ஞானசுந்தரி அழுதே விட்டாள். "ஏனுங்க ஐயா, போலீஸ்கிட்ட பொய் சொன்னா உள்ள போட்டுருவாங்களா?"

"யார் பொய் சொன்னது?"

"நான்தானுங்க. ஜீப்புல வந்து கேட்டப்ப, 'சுரேசா? இங்க இல்லைங்க, ஊரை விட்டே போயிட்டான்'னேன். அப்ப அவன் பின்னாடி எனக்குத்தான் விறகு பிளந்துட்டிருந்தான். காக்கியைப் பார்த்தா எங்க லயமே அப்படித்தான் சொல்லுமுங்க. சிலோன்ல அடிபட்டு இங்க ஓடிவந்த காலத்துப் பழக்கம். காப்பாத்தறதா நெனச்சேன்..."



"இதையே சொல்லுங்கம்மா," என்றார் வக்கீல். "வாசல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனது தேடினதாகாது." "இது உண்மையான்னு விசாரிக்கப் போலீஸ் உங்க வீட்டுக்கு வருவாங்க. அப்ப நீங்க இருக்கணும். அவ்வளவுதான்."

அவர் எழுதிய வாக்குமூலத்தில் ஞானசுந்தரி கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரமே லயத்து முன்னால் ஜீப் வந்து நின்றது. ஞானசுந்தரி கதவைத் தாழ்போட்டு, உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"இங்க ஞானசுந்தரி யாருய்யா?"

"அந்தம்மாவா?" எதிர்வீட்டு அய்யாவுவின் குரல். "இங்க இல்லைங்களே. ஊரை விட்டே போயிருச்சு."

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாளைப் பிடுங்கி எறியாத குறையாகக் கதவைத் திறந்து, செருப்பில்லாமல் ஓடிவந்து ஜீப்பை மறித்தாள்.

"இருக்கேனுங்க ஐயா! நான்தான் ஞானசுந்தரி. மத்ததை அப்புறம் கேளுங்க... நான் ஊட்டுலதான் இருந்தேன்னு மொதல்ல எழுதிக்கங்க!"