மைனஸ் நாற்பதில் ஒரு ஜன்னல்

அன்று அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் மைனஸ் நாற்பது டிகிரி குளிர். ஏணியோடு வந்த பிளம்பர் பெண்ணின் கண் மட்டும்தான் தெரிந்தது, மீதியெல்லாம் மப்ளர்.

“வீடே சாக்கடையா நாறுதும்மா!” என்று மூக்கைப் பிடித்தார் வீட்டுக்காரர் வெர்னன்.

“சாக்கடைக் காத்து வெளிய போற கூரைமேல் குழாய் பனியில அடைச்சுக்கிச்சு. மொதல்லயே குளிர் தாங்க உறை போட்டிருக்கணும்.”

“சரி, ஏறி வெந்நீர் ஊத்தேன்.”

“இந்தக் குளிர்ல எவன் கூரை ஏறுவான்? ஜன்னலத் தொறந்து வைங்க, போயிடும்.”

“மைனஸ் நாப்பதுல ஜன்னலா? கொழுப்பா உனக்கு?”

அவள் மப்ளரை அவிழ்த்தாள். போன குளிர்காலத்தில் அவருடைய வாடகை வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த மார்லிஸ்!

“அங்க இதே நாத்தத்துல என் புள்ள மூச்சுத் திணறினப்ப, போன்ல நீங்க சொன்ன வைத்தியம்தான் சார் இது.”

அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள்.